புகையே இல்லையே, டாக்டர்!

உதகையில் உறைபனி விழத் தொடங்கினால், அவசர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றும் எங்களுக்கு ஒரு கவலையும் கூடவே தொடங்கிவிடும். இந்தப் பருவத்திலும் அது பொய்க்கவில்லை. விடுதி முற்றத்தில் கோழி சுட்டுச் சாப்பிட்ட ஒரு குடும்பம், மிஞ்சிய தணலை வீணாக்குவானேன் என்று இரும்புத் தட்டோடு படுக்கையறைக்குள் கொண்டுபோய் வைத்து, குளிர் புகாதிருக்கக் கதவிடுக்கில் துண்டையும் செருகிவிட்டு உறங்கியிருக்கிறது. பின்னிரவில் குழந்தை வாந்தி எடுத்த அரவத்தில் தாய் விழித்துக் கதவைத் திறந்ததால் பிழைத்தார்கள். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு தந்தை என்னிடம் சொன்னவை, நான் கேட்டுக் கேட்டுச் சலித்த அதே சொற்கள்: "புகையே இல்லையே, டாக்டர். நல்லாக் கனிஞ்ச கரிதானே?"

கனிந்த கரியில்தான் ஆபத்தே இருக்கிறது. புகை கண்ணைக் கரிக்கும், இருமலைக் கிளப்பும், நம்மை அறையைவிட்டு விரட்டிவிடும். அந்த வகையில் அது நமக்கு உதவியே செய்கிறது. புகை அடங்கி, வெண்சாம்பல் பூத்துத் தணல் சிவந்து கிடக்கும்போது, கார்பன் மோனாக்சைடு மட்டும் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. மூடிய அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய, கரி அரைகுறையாக எரிந்து அதை இன்னும் கூடுதலாக வெளியிடும். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தோமே என்பார்கள். இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகச் சொற்பம். தரையில் படுக்கவில்லை, கட்டிலில்தான் படுத்தோம் என்பார்கள். இதன் எடை ஏறக்குறைய காற்றின் எடையே என்பதால் தரை முதல் கூரை வரை ஒன்றுபோலப் பரவும். புகை இல்லையென்றால் நஞ்சும் இல்லை என்று யார்தான் இவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ!

மூச்சுத் திணறினால் விழித்துக்கொள்ள மாட்டோமா என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்விதான், ஆனால் மூச்சே திணறாது. நம் உடல் முதன்மையாக இரத்தத்தில் சேரும் கார்பன் டை ஆக்சைடையும், அடுத்ததாக இரத்த நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனையும் வைத்தே மூச்சின் தேவையை அறிகிறது. இங்கே இரண்டுமே ஏறத்தாழ இயல்பாகவே இருக்கும். மாறுவது இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் சுமக்கும் ஆக்சிஜன் மட்டுமே. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அந்தக் குறையை அளக்க உடலில் எந்தக் காவலாளியும் இல்லை. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டரும் இந்த இரண்டு வாயுக்களையும் வேறுபடுத்தத் தெரியாமல் 98 என்று காட்டி ஏமாற்றும். அந்த எண்ணை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்று இளம் மருத்துவர்களுக்கு நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதுண்டு.

தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு ஆகியவைதான் முதல் அறிகுறிகள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறிவந்த அலுப்பு என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு மறுபடி படுத்துவிடுவதால்தான் உயிர் போகிறது. ஒரே அறையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தலை வலித்தால் அதற்குக் காரணம் மலைப்பாதையன்று.

ஆகவே, கரி அடுப்பும் தணல் தட்டும் எக்காரணம் கொண்டும் அறைக்குள் வரக்கூடாது. சன்னலைச் சிறிது திறந்துவைத்தால் போதும் என்பதும் ஏற்கத்தக்கதன்று. பழைய பங்களாக்களில் உள்ள கணப்பு வேறு. அதற்குப் புகைபோக்கி உண்டு, எனினும் பறவைக்கூடு அடைத்திருக்கிறதா என்று பார்க்காமல் மூட்டாதீர்கள். வெளிக்காற்று வராத குளியலறையில் கேஸ் கீசர் வேண்டவே வேண்டாம். விடுதி உரிமையாளர்களை மன்றாடிக் கேட்கிறேன்: விருந்தினர் கேட்டால் இன்னொரு கம்பளி கொடுங்கள், கரி கொடுக்காதீர்கள், தணலில் தண்ணீர் ஊற்றி அணைத்த பிறகே முற்றத்தைப் பூட்டுங்கள்.

யாரேனும் மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு சன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்கு இழுத்து வந்து, 108-ஐ அழையுங்கள். அறையில் கரி இருந்ததை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சாதாரணக் காற்றில் இந்த நஞ்சு பாதியாகக் குறையவே 4 முதல் 5 மணி நேரம் ஆகும்; முழு ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்குள் அவ்வளவு குறையும். தேறி வீடு திரும்பியவருக்கும் சில நாட்களோ வாரங்களோ கழித்து மறதியோ நடைத் தடுமாற்றமோ தோன்றலாம். அப்படித் தோன்றினால் உடனே அழைத்து வாருங்கள்.