தாது வருஷத்து வெள்ளிக்காசு

திபெத்தின் பழைய வெள்ளிக்காசை எத்தனை தடவை திருப்பிப் பார்த்தாலும் 1936 என்றெல்லாம் எங்கேயும் போட்டிருக்காது. 16, 10 என்று இரண்டு எண்கள் இருக்கும், அவ்வளவுதான். பதினாறாவது சுற்றில் பத்தாவது வருஷம் என்று அர்த்தம். நம்ம பஞ்சாங்கத்தில் பிரபவ முதல் அட்சய வரை ஓடுகிற அதே அறுபது வருஷச் சக்கரம்தான் இது. சுற்றுக்கு அவர்கள் வைத்த பேர் ரப்ஜுங், அதுவே பிரபவ என்ற சொல்லின் திபெத்திய மொழிபெயர்ப்பு. காலச்சக்கரம் என்ற பௌத்த மரபையொட்டி 1027-இல் முதல் சுற்றைத் தொடங்கி, எத்தனையாவது சுற்று என்று விடாமல் எண்ணிக்கொண்டே வந்தார்கள். நாம் எண்ணுவதில்லை, அதனால் வெறுமனே தாது வருஷம் என்றால் பஞ்சம் வந்த 1876-ஆ, 1936-ஆ என்று வேறு எதையாவது வைத்துத்தான் பிடிக்க வேண்டும்.

கணக்கு சுலபம். சுற்று எண்ணில் ஒன்றைக் கழித்து 60-ஆல் பெருக்கி, வருஷ எண்ணைக் கூட்டி, அப்புறம் 1026-ஐச் சேர்க்க வேண்டும். 16-10 என்றால் 900, 10, 1026, ஆக 1936. அந்த வருஷத்து மூன்று ஸ்ராங் (ஸ்ராங் என்பது திபெத்தின் பண அலகு) காசு உண்டு, 11 கிராம் சொச்சம். நமக்கும் அது தாது வருஷமே, புத்தாண்டுதான் சில வாரம் முன்பின்.

சரி, காசு சொல்வதை அப்படியே நம்பலாமா? கோங்பார் தங்கா என்ற திபெத்திய வெள்ளிக்காசில் 13-45, 13-46 என்று இருக்கும், அதாவது 1791, 1792. நேபாளத்தோடு சண்டை நடந்த காலம் (திபெத்துக்காக நேபாளத்தின் பழைய மல்ல ராஜாக்கள் அடித்த காசில் செம்பு கலந்ததும் அந்தச் சண்டைக்கு ஒரு காரணம்). ஆனால் 19-ஆம் நூற்றாண்டில் மறுபடி அடித்தபோதும் பழைய தேதியையே அச்சில் விட்டுவிட்டார்கள், ஆகவே தேதியை மட்டும் பார்த்து விலை கொடுத்தால் ஏமாற்றம்தான். காடேன் தங்கா என்ற இன்னொரு வகைத் திபெத்திய வெள்ளிக்காசுகள் பெரும்பாலானவற்றில் தேதியே கிடையாது, எழுத்தையும் சின்னங்களையும் பார்த்துத்தான் வகை பிரிப்பார்கள்.

போலியைப் பிடிக்க நகைத்தராசு உதவும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டு எடை பார்த்தால், 18 கிராம் சுத்த வெள்ளி சுமார் 1.7 கிராம் குறைத்துக் காட்டும், செம்பும் நிக்கலும் கலந்த போலி 2 கிராம் குறைக்கும், ஏனென்றால் அதே எடைக்கு அது அதிக இடம் பிடித்து அதிகத் தண்ணீரை ஒதுக்குகிறது. ஆனால் 1948 முதல் அடித்த பத்து ஸ்ராங் காசில் வெள்ளியே குறைச்சல், அதில் அசல் காசும் இந்தச் சோதனையில் தோற்றுப்போகும்.