அவிசுவாசி: சொல்லும் பொருளும்

தேவாலயத்துக்கு வெளியே இந்தச் சொல்லை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உள்ளே, ஈஸ்டர் காலத்தில், இது காதில் விழாமல் இருப்பது அரிது. யோவான் நற்செய்தி, 20ஆம் அதிகாரம், 27ஆம் வசனம். உயிர்த்தெழுந்த இயேசு, தாம் உயிர்த்த செய்தியை நம்ப மறுத்த சீடர் தோமாவைப் பார்த்துச் சொல்கிறார்: "அவிசுவாசியாயிராமல் விசுவாசியாயிரு." கத்தோலிக்கத் திருப்பலியில் உயிர்ப்பு ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு ஆண்டுதோறும் இதே பகுதிதான் வாசகம். ஆனால் அங்கே வேறு மாதிரி ஒலிக்கும்: "ஐயம் தவிர்த்து நம்பிக்கைகொள்." முன்னது சீர்திருத்த சபைகளில் வாசிக்கிற, 1871இல் முழுமையடைந்த பவர் மொழிபெயர்ப்பு. பின்னது 1995இல் வந்த திருவிவிலியம். மூலத்தில் ஒரே வாக்கியம்தான். தமிழில் ஒன்று நம்பாதவனைப் பற்றிப் பேசுகிறது, மற்றது ஐயப்படுகிறவனைப் பற்றி. ஐயப்படுகிறவன் இன்னும் கதவைச் சாத்தவில்லை. நம்பாதவன் சாத்திவிட்டான். அப்படியானால் தோமா யார்?

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். விசுவாசம் வடமொழிச் சொல். 'வி' என்ற முன்னொட்டோடு 'ச்வஸ்' என்ற வினையடி சேர்ந்தது. ச்வஸ் என்றால் மூச்சு விடுதல். நாம் அன்றாடம் சொல்லும் சுவாசம், ஆசுவாசம் இரண்டும் அதே அடியில் பிறந்தவைதான். பயம் விட்டுப்போய்த் தாராளமாக மூச்சு விடுகிற நிலைதான் விசுவாசத்தின் பழைய பொருள். அதன் முன்னால் 'அ' சேர்த்தால் அவிசுவாசம். தமிழில் எதிர்மறை இப்படித் தலையில் உட்காராது, வினைக்குள்ளே போய் உட்காரும்: நம்பாமை, நம்பாதவன்.

யோவான் எழுதிய கிரேக்கச் சொல் அபிஸ்டோஸ். அதிலும் முன்னால் நிற்கிற 'அ'தான் எதிர்மறை. கிரேக்கமும் வடமொழியும் ஒரே மொழிக்குடும்பம் என்பதால் இந்த 'அ' இரண்டுக்கும் பொதுச் சொத்து. அதனால் அபிஸ்டோஸ், பிஸ்டோஸ் என்ற இணையை அவிசுவாசி, விசுவாசி என்று ஓசை குலையாமல் கொண்டுவர முடிந்தது. பிஸ்டோஸுக்கு இரண்டு பொருள் உண்டு: நம்புகிறவன், நம்பத்தக்கவன். தாலந்து உவமையில் எசமான் "உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே" என்று மெச்சுகிறாரே, அந்த 'உண்மையுள்ள' என்பதும் பிஸ்டோஸ்தான். தமிழ் விசுவாசத்துக்கும் இந்த இரட்டைப் பொருள் அப்படியே இருக்கிறது. சபையில் விசுவாசி என்றால் நம்புகிறவர். தெருவில் நாய்க்குத்தான் விசுவாசம் அதிகம் என்போம். மொழிபெயர்த்தவர்கள் திட்டமிட்டுச் செய்தார்களோ இல்லையோ, பொருத்தம் பிரமாதம்.

இந்த இரண்டாவது பொருளில் பார்த்தால் தோமாவிடம் ஒரு குறையும் இல்லை. நண்பர் லாசரு நோயுற்ற செய்தி வந்து, ஆபத்து என்று தெரிந்தே இயேசு யூதேயாவுக்குத் திரும்பக் கிளம்பியபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம்" என்று மற்றவர்களைக் கிளப்பியவர் தோமாதான். அது 11ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. 'சந்தேகத் தோமையார்' என்ற பட்டம் மட்டும் ஒட்டிக்கொண்டது. மரபுப்படி கி.பி. 52இல் இந்தியக் கரைக்கு வந்து, பரங்கிமலையில் குத்துப்பட்டு இறந்தவராக நம் ஊர் கிறிஸ்தவர்கள் போற்றும் ஒருவருக்கு இது கொஞ்சம் அநியாயமான பட்டம்.

அந்தப் பட்டத்துக்கு மூலத்தில் ஆதாரமும் குறைவு. கிரேக்கத்தில் சந்தேகத்துக்குத் தனிச்சொல் உண்டு: திஸ்டாசோ. இதில் உள்ள 'திஸ்' என்றால் இருமுறை. மனம் இரண்டாகப் பிரிந்து அங்கும் இங்கும் ஆடுவது. புதிய ஏற்பாடு முழுவதிலும் இந்த வினை இரண்டே இடத்தில்தான் வருகிறது, இரண்டும் மத்தேயுவில். ஒன்று, தண்ணீர்மேல் நடந்த பேதுரு அமிழத் தொடங்கும்போது. மற்றது, கலிலேய மலையில் உயிர்த்தவரைக் கண்டு சீடர்கள் பணிந்துகொண்டபோது: "சிலரோ சந்தேகப்பட்டார்கள்." பணிந்த இடத்திலேயே சந்தேகமும். மத்தேயு அதை மறைக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. தோமாவைப் பற்றி இந்தச் சொல்லை யாருமே எழுதவில்லை. வேடிக்கை என்னவென்றால், தோமா என்ற பெயருக்கு அரமேயத்தில் இரட்டையர் என்று பொருள். யோவானில் அவருக்கு மறுபெயராக வரும் திதிமு என்பது அதன் கிரேக்க வடிவம்.

சந்தேகம் என்ற சொல்லுக்கும் ஒரு கதை இருக்கிறது. 'சம்' என்பதோடு பூசுதல், மெழுகுதல் என்ற பொருளுடைய 'திஹ்' அடி சேர்ந்தது. எது எதுவென்று பிரித்தறிய முடியாதபடி ஒன்றோடொன்று அப்பிக் கிடப்பது. இதற்குத் தமிழில் ஐயம், ஐயுறவு. (பிச்சைக்கும் ஐயம் என்று பெயர் உண்டு. 'ஐயமிட்டு உண்' என்பது அந்த ஐயம்.) ஆக, அந்தக் கலிலேய மலைக் காட்சிக்கு (மத்தேயு 28:17) ஐயம் கச்சிதமாகப் பொருந்தும். யோவான் 20:27க்கு அது கொஞ்சம் இளகிய சொல். அங்கே பவர் மொழிபெயர்ப்புதான் மூலத்துக்கு நெருக்கம். "விரலை இட்டுப் பார்த்தாலொழிய நம்பவே மாட்டேன்" என்று அடித்துச் சொன்னவரின் நிலை ஐயம் அல்ல, நம்பாமை.

ஆனால் இரண்டு மொழிபெயர்ப்பும் தவறவிட்ட ஒன்று அந்த வாக்கியத்தின் வினையில் இருக்கிறது. 'இரு' என்று தமிழில் வந்த இடத்தில் கிரேக்கத்தில் உள்ளது கினொமாய் என்ற வினை. அதன் முதற்பொருள் ஆதல். "நம்பாதவன் ஆகாதே, நம்புகிறவன் ஆகு" என்றும் அதைத் தமிழாக்கலாம். தீர்ப்புச் சொல்வதுபோல் இல்லாமல், வழியில் நிற்கிற ஒருவரைக் கைபிடித்துத் திருப்புவதுபோல் இருக்கும். நான் மொழிபெயர்த்தால் இப்படித்தான் எழுதுவேன்.

சரி, நம்பாமையிலிருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குத் தமிழ்ச் சொல் என்ன? எல்லாரும் சொல்வது நம்பிக்கை. நல்ல சொல்தான். 'நம்பும் மேவும் நசையாகும்மே' என்கிறது தொல்காப்பிய உரியியல். நசை என்றால் விருப்பம், ஆசை. நம்புதலின் பழைய பொருள் விரும்புதல் என்று ஆகிறது. ஆதாரங்களைக் கூட்டிக் கழித்து வருகிற முடிவுக்கு முன்னாலேயே அதில் ஒரு நெஞ்சம் இருக்கிறது. சிக்கல் வேறொரு பக்கம். "விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது" என்பது பழைய மொழிபெயர்ப்பில் பவுலின் வரி. திருவிவிலியத்தில் அது "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" ஆகிவிட்டது. ஒருவருக்கு இரண்டாவதாக இருப்பது இன்னொருவருக்கு முதலாவது. சீர்திருத்த சபைக்காரரும் கத்தோலிக்கரும் உட்கார்ந்து நம்பிக்கையைப் பற்றிப் பேசினால், பாதிப் பேச்சு வரை வேறு வேறு பொருளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்கள்.

இன்னொரு பழைய சொல்லை நாம் கைவிட்டுவிட்டோம் என்பது என் வருத்தம்: தெளிதல். இன்று அதற்குத் தெளிவடைதல் மட்டுமே பொருள். திருக்குறளில் ஒருவரை ஆராய்ந்து பார்த்து நம்புவதற்கும் தெளிதல் என்றுதான் பெயர். 'தெரிந்துதெளிதல்' என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. 'தேரான் தெளிவும் தெளிந்தான்கண் ஐயுறவும்' தீராத துன்பம் தரும் என்பது அங்கே வருகிற குறள். ஆராயாமல் நம்புவதும் தப்பு, நம்பிய பிறகு ஐயப்படுவதும் தப்பு. மெய்யுணர்தல் அதிகாரத்தில் 'ஐயத்தின் நீங்கித் தெளிந்தார்க்கு' வானம் பக்கத்தில் என்கிறார். வள்ளுவர் கிறிஸ்தவர் என்று நிறுவக் கிளம்புகிறவர்கள் இதையும் எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். சொல் மட்டும்தான் இங்கே வேண்டும். தோமா செய்தது தெரிந்து தெளிதல். "என் ஆண்டவரே! என் தேவனே!" என்பது தெளிந்தவனின் குரல். காயத்துக்குள் அவர் விரலை விடுவதுபோல் கரவாஜ்ஜோ தீட்டிய ஓவியம் உலகப் புகழ் பெற்றது. யோவானோ அவர் தொட்டதாக எங்குமே எழுதவில்லை. "என்னைக் கண்டதினாலே விசுவாசித்தாய்" என்றுதான் இயேசு சொல்கிறார்.

விசுவாசத்தில் மூச்சு இருக்கிறது என்று பார்த்தோம். உயிர்ப்பிலும் அதுதான் இருக்கிறது. கிரேக்கத்தின் அனாஸ்தாசிஸ் என்பதற்கு எழுந்து நிற்றல் என்றுதான் நேர்ப்பொருள், உயிர் அதில் இல்லை. உயிர்த்தெழுதல் என்று தமிழில் ஆக்கியவர்கள் உயிரையும் சேர்த்துவிட்டார்கள். பழந்தமிழில் உயிர்த்தல் மூச்சு விடுதல், உயிர்ப்பு மூச்சு. நெட்டுயிர்ப்பு என்று பெருமூச்சைச் சொல்வதில் அது இன்னும் மிச்சமிருக்கிறது. பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்த சீடர்கள்மேல் உயிர்த்தவர் செய்ததாக யோவான் சொல்வது ஊதியதைத்தான். அந்த மாலையில் தோமா அங்கே இல்லை.

நம்பாமை என்ற சொல்லுக்கு இன்னொரு முகத்தை லூக்கா 24இல் பார்க்கலாம். கல்லறையிலிருந்து வந்த பெண்கள் சொன்னது அப்போஸ்தலர்களுக்கு லேரோஸாகப் பட்டது, அதாவது பிதற்றலாக. அதனால் நம்பவில்லை. முப்பது வசனம் தள்ளி, இயேசுவே எதிரில் நின்று கைகால்களைக் காட்டுகிறார். அப்போதும் அதே வினை: "சந்தோஷத்தினால் அவர்கள் இன்னும் நம்பாமல்" ஆச்சரியப்பட்டார்களாம். முதலில் நம்பாததற்குக் காரணம் இளக்காரம், இப்போது நம்பாததற்குக் காரணம் மகிழ்ச்சி. இதை விளக்க அகராதி தேவையில்லை. எட்டு வருஷம் குழந்தையில்லாமல் இருந்த மகள் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னால் அம்மா என்ன சொல்வாள்? "நம்பவே முடியலடி." அந்த நம்பாமையை ஐயம் என்று திருத்தினால் வரி செத்துவிடும். சந்தேகம் என்று போட்டால் இன்னும் மோசம். லூக்காவில் அதற்கு அடுத்த வரி விளக்கவுரை அல்ல, "புசிக்கிறதற்கு ஏதாகிலும் இங்கே உங்களிடத்தில் உண்டா?" என்ற கேள்வி. பொரித்த மீன் துண்டு ஒன்றைக் கொடுத்தார்கள். வாங்கி அவர்கள் முன்பாகவே சாப்பிட்டார்.