நெட் என்பது வலைதான்: வெள்ளையணு வலை, ஒரு சொல் விளக்கம்

பாளையங்கோட்டை ஐகிரவுண்டு பக்கம் எந்த லேபில் ரத்தம் கொடுத்தாலும், கையில் தரும் தாளில் நியூட்ரோபில் என்று ஒரு வரி இருக்கும். வெள்ளையணுக்களில் எண்ணிக்கையில் மிகுந்தது அதுதான். அது கிருமியை விழுங்கிக் கொல்லும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருப்போம். ஆனால் தன் உட்கருவில் சுருட்டி வைத்திருக்கும் டிஎன்ஏவை அவிழ்த்து வெளியே எறிந்தும் கிருமியைப் பிடிக்கிறது என்பதை 2004-இல்தான் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் நிறுவனத்தில் பிரிங்க்மன், சைக்ளின்ஸ்கி குழுவினர் சொன்னார்கள். அதற்கு அவர்கள் வைத்த பெயர் நியூட்ரோபில் எக்ஸ்ட்ராசெல்லுலர் டிராப், முதலெழுத்துகளைச் சேர்த்தால் நெட்.

எக்ஸ்ட்ரா என்பது இலத்தீனில் வெளியே. செல் என்பதும் இலத்தீனிலிருந்து வந்ததுதான், சிற்றறை என்று பொருள், 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையில் பார்த்த அறைகளுக்கு வைத்த பெயர். டிராப் பழைய ஆங்கிலச் சொல், சிக்கவைத்துப் பிடிப்பது என்று பொருள்.

சரி, தமிழில்? டிராப் என்றதும் பலரும் பொறி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. எலிப்பொறி வைத்த இடத்தில் காத்துக் கிடக்கும், இரைதான் தேடி வந்து மாட்ட வேண்டும். போதாததற்குத் தீப்பொறி, ஐம்பொறி, எந்திரப்பொறி என்று அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே நிறையச் சுமை. இங்கே நடப்பதோ வீசுவது. உவரியிலோ இடிந்தகரையிலோ கடற்கரையில் நிற்கும் யாருக்கும் வீச்சுவலை என்றால் விளக்க வேண்டியதில்லை. உயிரணுப்புற வலை என்பது பாடநூலுக்குச் சரி. அதையே சுருக்கி அணுவலை என்றால் கூடங்குளம் பக்கத்து ஆட்களுக்கு அணு உலைதான் நினைவுக்கு வரும், அதனால் பேச்சுக்கு வெள்ளையணு வலை என்பதையே நான் எடுத்துக்கொள்கிறேன். இயோசினோபில், மாஸ்ட் செல் ஆகிய வேறு எதிர்ப்பாற்றல் செல்களும் இப்படி வலை விடுவது 2008-இல் தெரியவந்தது, அவற்றுக்கும் முன்னால் பெயரைச் சேர்த்து வலை என்றே சொல்லலாம்.

ஒரு மனிதச் செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவை நீட்டினால் ஏறக்குறைய 2 மீட்டர் வரும். அது ஹிஸ்டோன் என்னும் புரதத்தில் சுற்றியிருக்கிறது. பிஏடி4 என்ற நொதி ஹிஸ்டோனின் பிடியைத் தளர்த்த, எலாஸ்டேஸ் என்ற நொதி ஹிஸ்டோனை வெட்ட, சுருள் அவிழ்ந்து உப்பி, கடைசியில் செல்லின் சவ்வு கிழிந்து எல்லாம் வெளியே வந்துவிடும். அந்த இழைகளில் ஒட்டியிருக்கும் ஹிஸ்டோனும் நொதிகளும் சிக்கிய கிருமியைத் தாக்கும். நியூட்ரோபில் இப்படி வலை விட்டுச் சாவதற்கு 2007-இல் நீட்டோசிஸ் என்று பெயர் வந்தது. அப்புறம் பார்த்தால், வலையை விட்ட பிறகும் சில நியூட்ரோபில்கள் உயிரோடு நகர்ந்து கிருமியை விழுங்குகின்றன! அதனால் செல் செத்ததா என்று தெரியாத இடத்தில் நீட்டோசிஸ் என்று எழுத வேண்டாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். தமிழில் வலைவீச்சு என்றால் இரண்டும் அடங்கிவிடும்.

வீசிய வலையை வேலை முடிந்ததும் அகற்ற வேண்டும். ரத்தத்தில் உள்ள டிஎன்ஏஸ் என்ற நொதி அதை வெட்டி எடுக்கிறது. ஸ்டெபிலோகாக்கஸ் போன்ற சில கிருமிகளிடமும் அப்படி ஒரு நொதி உண்டு, அறுத்துக்கொண்டு தப்பிவிடும். அகற்றப்படாத வலையில் தட்டணுக்கள் ஒட்டி ரத்தம் உறையலாம். லூபஸ் நோயாளிகள் சிலருக்கு இந்த வலை சரியாகக் கரைவதில்லை, அவர்களின் எதிர்ப்பாற்றல் தங்கள் டிஎன்ஏவையே எதிரியாகப் பார்க்கிறது.

நம் பக்கத்து வீடுகளுக்கு இதில் மிக நெருக்கமானது சர்க்கரைப் புண். புண்ணில் கட்டும் சலத்திலும் இந்த வலை கிடக்கிறது. சர்க்கரை நோயில் நியூட்ரோபில் எளிதில் வலை வீசிவிடுகிறது, அதுவே புண்ணை ஆறவிடாமல் செய்கிறது என்று 2015-இல் காட்டினார்கள். வீட்டுப் பெரியவரிடம் "தாத்தா, உங்க வெள்ளையணு வீசின வலை புண்ணுலயே கிடக்கு" என்று சொன்னால் அவருக்குப் புரியும், நீட்டோசிஸ் என்றால் புரியாது. அந்த ஆய்வில் பிஏடி4 இல்லாத எலிகளுக்கும், டிஎன்ஏஸ் கொடுத்த சர்க்கரை நோய் எலிகளுக்கும் புண் சீக்கிரம் ஆறியது.