அக்கல்ட், லேட்டன்ட், இன்சிடியஸ்: ரிப்போர்ட்டில் வரும் மறைவுச் சொற்கள்

லேப் ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, "டாக்டர், அக்கல்ட் என்று போட்டிருக்கிறதே, நெட்டில் தேடினால் மாந்திரீகம் என்று வருகிறது" என்று பயந்து கேட்பவர்கள் உண்டு. நியாயமான குழப்பம்தான். லத்தீனில் ஒக்குலேரே என்றால் மூடி மறைப்பது. அதிலிருந்து வந்த ஆங்கிலச் சொல் அக்கல்ட். மறைவான வித்தைகளுக்கு வைத்த பெயரே, மலத்தில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் ரத்தத்துக்கும் பெயராகிவிட்டது.

மருத்துவத்தில் இப்படி லத்தீனிலிருந்து வந்த மறைவுச் சொற்கள் பல. எல்லாவற்றையும் ஒரே மாதிரி எடுத்துக்கொள்வதால்தான் சிக்கல் வருகிறது. ஒவ்வொன்றும் வேறு வகை மறைவு. நாம் செய்ய வேண்டியதும் அதற்கேற்ப மாறும்.

அக்கல்ட் பிளட் பாசிட்டிவ் என்றால் ரத்தம் கசிகிறது, கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். மூலம், வயிற்றுப்புண், வலி மாத்திரை, கொக்கிப்புழு என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பெருங்குடல் புற்றுநோயாகவும் இருக்கலாம். பலர் உடனே வேறு லேபில் மறுபடி டெஸ்ட் எடுக்கிறார்கள். நெகட்டிவ் வந்தால் நிம்மதியாகிவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். குடலில் உள்ள கட்டி தினமும் கசிய வேண்டும் என்பதில்லை. கசியாத நாளில் எடுத்த மாதிரி நெகட்டிவ் என்றுதான் காட்டும். பாசிட்டிவ் வந்தால் அடுத்து மருத்துவரிடம் பேச வேண்டியது கொலோனோஸ்கோபி, அதாவது பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் பரிசோதனை பற்றி. "எனக்குத்தான் மூலம் இருக்கிறதே" என்று நீங்களாக முடிவு கட்டவும் வேண்டாம். மூலமும் கட்டியும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம்.

அடுத்தது லேட்டன்ட். லதேரே, அதாவது பதுங்கிக் கிடப்பது. வெறும் கண்ணுக்குத் தெரியாத கைரேகையைத் தடயவியலில் லேட்டன்ட் பிரிண்ட் என்பதும் இதே வேரிலிருந்துதான். நம் ஊரில் இந்தச் சொல் அதிகம் அடிபடுவது காசநோயில். லேட்டன்ட் டிபி என்றதும் தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிடும் குடும்பங்கள் இருக்கின்றன. அதற்கு அவசியமே இல்லை. கிருமி உயிரோடு இருக்கிறது. ஆனால் உடலின் நோயெதிர்ப்பு அணுக்கள் அதைச் சுற்றிவளைத்து அடக்கி வைத்திருக்கின்றன. இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, இன்னொருவருக்குப் பரவாது. உலக மக்களில் சுமார் கால் பங்கினரிடம் இந்தக் கிருமித்தொற்று இருக்கும் என்பது மதிப்பீடு. அவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறுகிறது.

அந்தச் சிலர் யார் என்பதில்தான் கவனம் வேண்டும். எச்ஐவி, கட்டுப்படாத சர்க்கரை, டயாலிசிஸ், நீண்டநாள் ஸ்டீராய்டு, மூட்டுவாதத்துக்குப் போடும் சில பயாலஜிக் ஊசிகள், இவையெல்லாம் அந்தக் காவலைத் தளர்த்துகின்றன. இப்படிப்பட்டவர்களுக்கும், வீட்டில் நுரையீரல் காசநோயாளி இருப்பவர்களுக்கும் தடுப்பு மருந்து தேவைப்படலாம். ஐசோனியசிட் 6 மாதம், அல்லது அதோடு ரிஃபாபென்டினும் சேர்த்து வாரம் ஒருமுறையாக 12 வாரம். அரசுத் திட்டத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் ஒரு விஷயம்: நோய் ஏற்கெனவே கிளம்பிவிட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். கிளம்பிவிட்ட காசநோய்க்குத் தடுப்பு மருந்தை மட்டும் கொடுத்தால், கிருமி அந்த மருந்துக்கு அடங்காததாக மாறிவிடக்கூடும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மாத்திரையை வாங்கிச் சாப்பிடுவது இங்கே பெரிய ஆபத்து.

இன்சிடியஸ் என்பது டிஸ்சார்ஜ் சம்மரியில் வரும் சொல். பதுங்கியிருந்து தாக்குவதை ரோமானியர்கள் இன்சிதியே என்றார்கள். மூன்றில் என்னை அதிகம் கவலைப்பட வைப்பது இதுதான், ஏனென்றால் இங்கே சேதம் நடந்துகொண்டே இருக்கும். பார்வை நரம்பைச் சேதப்படுத்தும் கண்நோயான கிளாக்கோமாவின் பரவலான வகையில் வலியே இல்லாமல் பக்கவாட்டுப் பார்வை சுருங்குகிறது. போன பார்வை திரும்புவதில்லை. பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அது இருந்தால், கண்ணாடி பவர் பார்ப்பதோடு நிறுத்தாமல் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

சிறுநீரகமும் அப்படித்தான். அதன் செயல்திறனில் பாதியளவு போன பிறகுதான் பலருக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருள் ஏறத் தொடங்குகிறது. கிரியாட்டினின் நார்மல் என்று வந்தாலும், சர்க்கரை உள்ளவர்களை வருடம் ஒருமுறை சிறுநீரில் அல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்றும் பார்க்கச் சொல்வது இதனால்தான்.