எத்தனை சுவருக்கு உள்ளே இருக்கிறீர்கள்?

அமெரிக்காவின் நடுப்பகுதியில் டொர்னேடோ, அதாவது மேகத்திலிருந்து தரைவரை தொங்கிச் சுழலும் காற்று, வரும்போது ஜன்னல்களைத் திறந்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். சுழலின் நடுவே காற்றழுத்தம் குறைவு. வீட்டுக்குள் அடைபட்ட காற்று வீட்டையே பலூன் மாதிரி வெடிக்க வைத்துவிடும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அழுத்தம் குறைவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். கதவிடுக்கு, கூரை இடுக்கு வழியாகவே அது சரியாகிவிடும்.

வீடு உடைவது வேறு விதமாக. கூரையின் மேல் வேகமாகப் பாயும் காற்று அதை மேலே இழுக்கிறது. அந்த நேரம் ஒரு மரக்கட்டை பறந்து வந்து ஜன்னலை உடைத்தால், உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்தும் தள்ளுகிறது. கூரை கிளம்பியதும் வெளிச்சுவர்கள் பிடிமானம் இழந்து சாய்கின்றன. ஜன்னலைத் திறப்பவர் அந்தக் கட்டையின் வேலையைத் தானே செய்து கொடுக்கிறார். அதுவும் கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு!

ஆட்களைக் கொல்வதும் பெரும்பாலும் இப்படிப் பறந்து வரும் கட்டை, தகரம், கண்ணாடிதான். 1970-இல் டெக்சாஸ் மாநிலத்தின் லபக் நகரை டொர்னேடோ தாக்கிய பிறகு, அங்குள்ள டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகத்தில் இதை ஆராயத் தொடங்கினார்கள். சுமார் 7 கிலோ மரக்கட்டையைக் காற்றுப் பீரங்கியில் வைத்து, மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் சுவரின் மேல் சுடுவார்கள். கட்டை துளைக்காவிட்டால்தான் பாதுகாப்பு அறைக்கு அந்தச் சுவர் தேறும்.

எனவே எங்கே ஒதுங்குவது என்பதற்கு ஒரே கேள்விதான்: வெளிக்காற்றுக்கும் உங்களுக்கும் நடுவே எத்தனை சுவர்? நிலவறை இருந்தால் அங்கே இறங்கிவிட வேண்டும். இல்லையென்றால் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத உள்ளறை, குளியலறை அல்லது மாடிப்படிக்கு அடியில். தலைக்கு ஹெல்மெட், மேலே மெத்தை. காலில் செருப்பல்ல, ஷூ; வெளியே வரும்போது தரையெல்லாம் ஆணியும் கண்ணாடியும்தான் கிடக்கும். சக்கரத்தின் மேல் கட்டிய மொபைல் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே வேறு கட்டடத்துக்குப் போய்விடுவதைத் தவிர வழியில்லை.

காரில் மாட்டிக்கொண்டவர்கள் மேம்பாலத்துக்கு அடியில் ஓடி ஒளிவார்கள். 1991-இல் கன்சாஸில் எடுத்த ஒரு வீடியோ தொலைக்காட்சிகளில் ஓடி, பாலத்தடி பாதுகாப்பானது என்ற நம்பிக்கையை ஊரெல்லாம் பரப்பியது. 1999 மே 3 அன்று ஓக்லஹோமாவில், ரேடாரில் காற்றின் வேகம் மணிக்கு 480 கிலோமீட்டருக்கு மேல் பதிவான டொர்னேடோவின்போது, பாலங்களுக்கு அடியில் ஒதுங்கியவர்களில் 2 பேர் இறந்தார்கள். குறுகலான இடத்தில் காற்று இன்னும் வேகம் பிடிக்கும். பாலத்தின் சரிவில் மேலே ஏற ஏற, தரையின் உராய்வால் காற்று சற்றுத் தணியும் சிறு தயவும் போய்விடும். அதைவிட, பக்கத்துப் பள்ளத்தில் தலையைக் கைகளால் மூடிக் குப்புறப் படுப்பது மேல்.

நம் செய்திகளில் டொர்னேடோவையும் சூறாவளி என்றே எழுதிவிடுகிறார்கள். நம் புயல் சில நாள் முன்பே பெயரோடு அறிவித்துவிட்டு வரும். டொர்னேடோவுக்கு எச்சரிக்கை கிடைத்தாலே பத்துப் பதினைந்து நிமிடம்தான். அங்கே 'வாட்ச்' என்றால் வானிலை அதற்குத் தோதாக இருக்கிறது என்று பொருள். 'வார்னிங்' என்றால் ரேடாரில் சுழற்சி தெரிந்துவிட்டது, அல்லது யாரோ கண்ணால் பார்த்துவிட்டார்கள். யோசிப்பதை வாட்ச் நேரத்திலேயே முடித்துவிட வேண்டும்.

2011 மே 22 அன்று மிசூரியின் ஜோப்லினில், டொர்னேடோ தரையைத் தொடுவதற்கு 17 நிமிடம் முன்பே வார்னிங் வந்துவிட்டது. சைரனும் ஒலித்தது. ஆனால் அங்கே அடிக்கடி சைரன் கேட்டுப் பழகிப்போன பலர், நிஜம்தானா என்று டிவியைப் பார்த்தார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்தார்கள். இறந்தவர்கள் 150-க்கும் மேல். அன்று ஒரு பெட்ரோல் பங்க் கடைக்குள் இருந்த சுமார் 20 பேர், பீர் வைக்கும் குளிர் அறைக்குள் ஒருவர் மேல் ஒருவராக நெருக்கிப் படுத்துக்கொண்டார்கள். கடை சிதைந்து போனது. அந்த அறைக்குள் இருந்த அத்தனை பேரும் பிழைத்தார்கள்.