ஓர் இணைப்பின் மதிப்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

இணையத்தளம் ஒன்றை நடத்திவரும் வாசகர் ஒருவர், ஆயிரம் பேக்லிங்குகளை மலிவாகத் தருவதாகக் கூறும் விளம்பரங்களை நம்பலாமா என்று கேட்டிருக்கிறார். நம்ப வேண்டாம் என்பதே என் பதில். பேக்லிங்குகள், அதாவது பிற தளங்கள் நம் பக்கத்துக்குத் தரும் இணைப்புகள், தேடல் முடிவுகளில் நம்மை மேலே கொண்டுவரக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் எல்லா இணைப்புகளும் ஒரே மதிப்புடையவை அல்ல.

தேடப்படும் சொல் ஒரு பக்கத்தில் எத்தனை முறை வருகிறது என்பதையே தொடக்ககாலத் தேடுபொறிகள் பெரிதும் நம்பியிருந்தன. அவற்றை ஏமாற்றுவது எளிது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாக இருந்து, பின்னர் கூகுளை நிறுவிய லாரி பேஜும் செர்கே பிரின்னும், ஓர் ஆய்வுக் கட்டுரையின் தகுதியை அதை மேற்கோள் காட்டும் பிற கட்டுரைகளைக் கொண்டு அளப்பதுபோல, பக்கங்களையும் இணைப்புகளைக் கொண்டு அளக்க முற்பட்டனர். 1998இல் வெளியான அந்த முறைக்குப் பேஜ்ரேங்க் என்று பெயர்.

அதன் விதி எளியது: ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பெண்ணை, தான் இணைப்புக் கொடுக்கும் பக்கங்களுக்குச் சமமாகப் பங்கிட்டுத் தருகிறது, அப்படி வந்துசேரும் பங்குகளின் கூட்டுத்தொகையே ஒரு பக்கத்தின் மதிப்பெண். ஒன்றின் மதிப்பெண் தெரிய மற்றொன்றின் மதிப்பெண் தெரிந்திருக்க வேண்டுமே, எங்கிருந்து தொடங்குவது? எங்கிருந்து வேண்டுமானாலும் தொடங்கலாம் என்பதுதான் இக்கணக்கின் பேரழகு. அ, ஆ, இ என மூன்று பக்கங்கள் இருப்பதாகக் கொள்வோம். அ, மற்ற இரண்டுக்கும் இணைப்புத் தருகிறது. ஆ, இ-க்கு மட்டும் தருகிறது. இ, அ-வுக்கு மட்டும் தருகிறது. மூன்றுக்கும் 1/3 என்று கொடுத்துத் தொடங்கினால், முதல் சுற்றின் முடிவில் அவை முறையே 1/3, 1/6, 1/2 ஆகும். திரும்பத் திரும்பப் பங்கிட்டுக்கொண்டே போனால், மதிப்பெண்கள் சற்று ஏறி இறங்கி, 0.4, 0.2, 0.4 என்று நிலைகொண்டுவிடும். அ-வுக்கும் ஆ-வுக்கும் தலா ஓர் இணைப்புத்தான் கிடைக்கிறது. ஆயினும் அ-வின் மதிப்பெண் இருமடங்கு. ஆ-வுக்குக் கிடைப்பது அ-வின் மதிப்பெண்ணில் பாதிதான். இ-யோ தன் மதிப்பெண் முழுவதையும் அ-வுக்கே தந்துவிடுகிறது.

ஒன்றுக்கொன்று மட்டுமே இணைப்புத் தந்துகொள்ளும் பக்கங்கள் மதிப்பெண்ணை வெளியே விடாமல் தேக்கிக்கொள்ளும் அல்லவா? அதனால், ஒவ்வொரு சுற்றிலும் 85 விழுக்காட்டை மட்டும் இணைப்புகளின் வழியே அனுப்பிவிட்டு, மீதி 15 விழுக்காட்டை எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவாகப் பகிர்ந்தளித்தனர். இவ்வாறு செய்தவுடன், கணக்குக்கு ஒரே ஒரு விடைதான் உண்டு என்பது, ஜெர்மானியக் கணிதவியலர் ஆஸ்கர் பெரோன் 1907இல் நிறுவிய தேற்றத்தால் உறுதியாகிறது. 32.2 கோடி இணைப்புகள் கொண்ட தொகுப்பில்கூட ஏறத்தாழ 52 சுற்றுகளில் விடை நிலைகொண்டது. கணினியே இல்லாத காலத்துத் தேற்றமும், அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை எண்ம நூலக ஆய்வுக்கு வழங்கிய பொதுப்பணமும் இந்த முறைக்கு அடித்தளமாக இருந்தன. உடனடிப் பயன் என்னவென்று கேட்டு அடிப்படை ஆய்வுக்கான நிதியைக் குறைப்பது பெரும் தவறு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி விலைக்கு வரும் இணைப்புகளைப் பார்ப்போம். அவை பெரும்பாலும் யாரும் இணைப்புத் தராத பக்கங்களில் இருக்கின்றன. அப்பக்கங்களிடம் உள்ளது பொதுவில் கிடைத்த சிறு பங்கு மட்டுமே, அதுவும் நூற்றுக்கணக்கான இணைப்புகளுக்குப் பிரிந்துபோகிறது. அத்தகைய பக்கங்களை ஆயிரக்கணக்கில் உருவாக்கிச் சிறுதுளிகளைச் சேர்த்தவர்களும் இருந்தனர் என்பதால், கூகுள் 2012 ஏப்ரலில் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்து அவர்களுடைய தளங்களைக் கீழிறக்கியது. தரவரிசைக்காக இணைப்புகளை விற்பதும் வாங்குவதும் இன்றும் கூகுளின் விதிகளுக்கு எதிரானவையே. பேஜ்ரேங்க் இப்போது பல அளவுகோல்களுள் ஒன்றுதான்.

செலவில்லாமல் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பலரும் இணைப்புத் தந்திருக்கும் உங்கள் பழைய கட்டுரை எதுவென்று பார்த்து, அதிலிருந்து தொடர்புடைய புதிய கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுங்கள். பழைய கட்டுரைக்கு வந்த மதிப்பெண்ணில் ஒரு பங்கு அவற்றுக்கும் போய்ச் சேரும்.