குங்குமத்தூளும் மயில்கழுத்துக் கோடும்

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். தாத்தா நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை வீட்டு ஸ்கேனரில் வைத்துப் படி எடுத்திருக்கிறார். வந்த படத்தில் நெற்றியிலிருந்து கீழே நேராக, மயிரிழை அகலத்தில், மயில்கழுத்து நிறத்தில் ஒரு கோடு. கண்ணாடியை மூன்று முறை துடைத்தும் போகவில்லை. முகத்திலும் தாத்தா போட்டிருக்கும் கோட்டுச் சட்டையிலும் பளிச்சென்று தெரிகிற அந்தக் கீற்று, வெள்ளை வேட்டிக்கு வந்ததும் மறைந்துவிடுகிறது. நாற்காலிக் காலில் மறுபடி தலைகாட்டுகிறது. கடிதங்களை வைத்தால் கோடே இல்லை. “திதி கொடுக்காமல் விட்ட குறை” என்று அவருடைய பெரியம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாராம். வாசகி கடைசி வரியில் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்: “இது ஆயுத பூஜைக்குப் பிறகுதான் தொடங்கியது. இரண்டுக்கும் தொடர்பு இருக்க முடியுமா?”

முடியும். பெரியம்மா நினைக்கிற வழியில் அல்ல, அவ்வளவுதான்.

முதலில் ஸ்கேனர் எப்படிப் பார்க்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேமரா முழுப் படத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கும். தட்டை ஸ்கேனர் அப்படியல்ல. கண்ணாடிக்குக் கீழே குறுக்காக ஒரு தண்டு இருக்கிறது. அதில் ஒரு விளக்கு, ஒரு வரிசை ஒளியுணரிகள். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் என்ற கணக்கில் ஏ4 தாளின் அகலத்துக்கு ஏறக்குறைய 5,000 உணரிகள் தேவை. ஒவ்வொன்றும் தாளில் 42 மைக்ரோமீட்டர் அகலத்தைப் பார்க்கிறது. அது தலைமுடியின் தடிமனைவிடவும் குறைவு. இந்தத் தண்டு ஒரு வரியைப் படிக்கும், ஓர் அடி நகரும், அடுத்த வரியைப் படிக்கும். முழுத் தாளுக்கு இப்படி ஏழாயிரம் வரிகள்.

கும்பகோணத்துக்காரருக்கு இதைத் தறியை வைத்துச் சொன்னால் உடனே விளங்கும். பாவு நூலில் ஓர் இழை பழுதானால் சேலையின் நீளம் முழுக்க அந்தக் குறை ஓடும். ஊடையில் ஒரு தப்பு நேர்ந்தால் குறுக்கே அந்த ஒரு வரியோடு போய்விடும். ஸ்கேனர் எடுத்த படமும் நெய்த துணிதான். உணரிகள் பாவு, தண்டின் நகர்வு ஊடை. படத்துக்குக் குறுக்கே கோடு விழுந்தால் தண்டு ஓடும் தடத்திலோ அதை இழுக்கும் பல் வைத்த வாரிலோ சிக்கல், அல்லது யாரோ மேசையை ஆட்டிவிட்டார்கள். நீளவாக்கில் கோடு ஓடினால் 5,000 பேரில் ஒருவர் தொடக்கம் முதல் முடிவுவரை தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கண்ணாடியைத் துடைத்தும் பயன் இல்லாமல் போனது இதனால்தான். கண்ணாடியின் நடுவில் கிடக்கும் தூசியின் கீழ் தண்டு ஒரு கணம் மட்டுமே இருக்கிறது. ஆகவே படத்தில் ஒரு புள்ளிதான் விழும். தலை முதல் கால்வரை கோடு இழுக்க வேண்டுமென்றால், தூசி அந்த உணரியைப் பயணம் முழுவதும் ஏமாற்ற வேண்டும். ஓரிடத்தில் கிடக்கும் தூசி, ஊர்ந்து போகும் உணரியை எப்படிக் கடைசிவரை ஏமாற்றும்?

ஐயாயிரம் உணரிகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருப்பதில்லை. முழு இருட்டு 0, முழு வெள்ளை 255 என்ற கணக்கில், ஒரே வெளிச்சத்தைக் காட்டினால் ஒன்று 240 என்று சொல்லும், பக்கத்தில் இருப்பது 225 என்று சொல்லும். விளக்கும் நடுவில் ஒரு மாதிரி, ஓரத்தில் ஒரு மாதிரி எரியும். இதை அப்படியே விட்டால் எந்தப் படமும் கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போலத்தான் வரும். எனவே வேலையைத் தொடங்குமுன் ஸ்கேனர் ஒரு சிறு சடங்கு செய்கிறது. நீங்கள் பொத்தானை அழுத்தியதும் ஏதோ முனகிவிட்டுச் சற்று நின்று பிறகு கிளம்புகிறதே, அப்போதுதான். விளக்கை அணைத்து இருட்டு என்றால் என்னவென்று ஒவ்வோர் உணரியையும் கேட்கிறது. பிறகு விளக்கை ஏற்றி, தண்டு கிளம்பும் முனையில், மேல் சட்டத்தின் அடிப்பக்கம் மறைவாக ஒட்டியிருக்கும் ஒரு வெள்ளைப் பட்டையைப் பார்க்கச் சொல்கிறது. எல்லோரும் ஒரே வெள்ளையைத்தான் பார்க்கிறார்கள் என்பது அதன் நம்பிக்கை. குறைவாகச் சொன்ன உணரிக்கு “நீ கொஞ்சம் மந்தம், இனி நீ சொல்வதை இத்தனை மடங்காகப் பெருக்கிக்கொள்கிறேன்” என்று ஓர் எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அந்த எண் தாளின் கடைசி வரிவரை மாறாது.

இப்போது அந்த வெள்ளைப் பட்டையில் ஒரு குங்குமத் துகள் விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிக்கும் சட்டத்துக்கும் பொட்டு வைத்தோம், அது காய்ந்தது, பொடி இடுக்கு வழியாக இறங்கியது. இதில் நம்ப முடியாதது ஒன்றுமில்லை. குங்குமம் ஏன் சிவப்பு? சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பி, பச்சையையும் நீலத்தையும் விழுங்கிவிடுவதால். ஸ்கேனர் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்கள் எடுக்கிறது. துகளை எதிர்கொண்ட உணரி, வெள்ளைப் பட்டையைப் பார்த்து மூன்றுக்கும் 240 என்று சொல்ல வேண்டிய இடத்தில் சிவப்பு 230, பச்சை 120, நீலம் 120 என்கிறது. (எண்கள் என் வசதிக்கு.) பாவம், அந்த உணரிமேல் தவறே இல்லை, கண்டதைச் சொன்னது. இயந்திரமோ அதைப் பச்சையிலும் நீலத்திலும் அரைக் குருடு என்று முடிவு கட்டி, இனி அந்த இரண்டையும் இரண்டால் பெருக்குவது என்று குறித்துக்கொள்கிறது.

பிறகு தாத்தாவின் முகம் வருகிறது. அங்கே சாம்பல் நிறம்: 80, 80, 80. சிவப்பு கொஞ்சம் ஏறி 83 ஆகிறது. பச்சையும் நீலமும் 160. பச்சையும் நீலமும் சரிபாதி கலந்தால் என்ன நிறம்? மயில்கழுத்து. சிவப்புத் துகள் தன் நிறத்தில் அல்ல, தனக்கு நேர் எதிரான நிறத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. இதைக் கணக்காகப் போட்டு முடித்த மாலை எனக்கு இரவுச் சாப்பாடே மறந்துபோனது.

வேட்டியில் கோடு மறைவதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. வேட்டியின் வெள்ளை 235 என்றால் இரட்டித்து 470 ஆக வேண்டும். ஆனால் கணக்கு 255க்கு மேல் போகாது. அங்கேயே முட்டி நின்றுவிடும். சிவப்பு 245, மற்றவை 255. கண்ணுக்கு அது வெள்ளைதான். கறுத்த தலைமுடியில் 4 என்பது 8 ஆகும். அதையும் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். அகப்பட்டுக்கொள்வது நடுத்தரச் சாம்பல் மட்டுமே. வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிய கடிதத்தில் நடுத்தரம் என்று பெரிதாக எதுவும் இல்லை. அதனால் கடிதம் தப்பியது, தாத்தா மாட்டிக்கொண்டார்.

இந்தக் கணக்கை மற்றப் பூஜைப் பொருள்களுக்கும் போட்டுப் பார்க்கலாம். மஞ்சள் தூள் நீலத்தை மட்டும் விழுங்கும்; எனவே நீலக் கோடு. கற்பூரக் கரி மூன்றையும் சமமாக விழுங்கும். வெளிறிய வெள்ளைக் கோடு. திருநீறு விழுந்தால்? வெள்ளைப் பட்டையில் வெள்ளைத் துகள். அநேகமாக யாருக்கும் தெரியாது. இயந்திரத்துக்குப் பூஜை செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கருவியை மதிக்கிற வழக்கம் எனக்குப் பிடிக்கும். பொட்டை மேசைக்கு வையுங்கள் என்பதுதான் வேண்டுகோள். பெரியம்மாவிடம், திதி கொடுப்பது குடும்பத்தின் விருப்பம், கோட்டுக்கு ஒரு தூரிகை போதும் என்று சொல்லிவிடலாம்.

நல்ல ஸ்கேனர்கள் வெள்ளைப் பட்டையில் ஒரே வரியைப் பார்க்காமல் பல வரிகளைப் பார்த்துச் சராசரி எடுக்கின்றன. அங்கே சின்னத் துகளின் குறும்பு நீர்த்துப்போகும். மலிவான கருவியில் அந்தப் பொறுமை எப்போதும் இருப்பதில்லை.

தாள்களைத் தானாக இழுத்துக்கொள்ளும் வகை ஸ்கேனரில் கதை தலைகீழ். அங்கே தண்டு நிற்கும், தாள் ஓடும். தாள் கடந்துபோகும் ஒல்லிக் கண்ணாடிப் பட்டையில் ஒரு துளி பசையோ திருத்து வெள்ளையோ ஒட்டினால், அதுவே எல்லாப் பக்கத்திலும் கோடாக விழும். அதற்குக் கண்ணாடியைத் துடைத்தால் போதும். ஆகவே துடைப்பதற்கு முன் எது ஓடுகிறது, எது நிற்கிறது என்று பாருங்கள்.

சில மாதிரிகளில் மேல் சட்டம் இரண்டு மூன்று திருகாணிகளில் கழன்று வரும். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, சட்டத்தைக் கண்ணாடியோடு தூக்கி, வெள்ளைப் பட்டையை மென்மையான உலர்ந்த தூரிகையால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் குங்குமம் பரவிக் கோடு பட்டையாகிவிடும். கண்ணாடி துடைக்கும் திரவத்தை ஒருபோதும் நேரே தெளிக்காதீர்கள். துணியில் நனைத்துத் துடையுங்கள். தெளித்தால் ஓரத்து இடுக்கில் இறங்கி உள்பக்கம் வரைபடம் போலக் கறை காயும். பிரிக்கத் தைரியம் இல்லாதவர்கள் பழுது பார்ப்பவரிடம் “வெள்ளைப் பட்டையைப் பாருங்கள்” என்று சொல்லிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் அவரும் கண்ணாடியைத்தான் துடைப்பார்.

இங்கே ஒரு மனக்குறையைச் சொல்லிக்கொள்கிறேன். கணினிக்குப் படம் ஏற்றும் கலை 1957இல் தொடங்கியது. அமெரிக்கத் தரநிலைப் பணியகத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் தம் கைக்குழந்தையின் படத்தை ஓர் உருளையில் சுற்றி, 176க்கு 176 புள்ளிகளாகக் கணினிக்குள் செலுத்தினார். மொத்தம் 31,000 புள்ளிகள்கூட இல்லை. இன்று வீட்டு ஸ்கேனர் ஓர் ஏ4 தாளில் மூன்றரைக் கோடிப் புள்ளிகளை எடுக்கிறது. ஆனால் பழைய இதழ்களைப் படியெடுத்து வைத்திருக்கும் இடங்களில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் ஒரே கோட்டைச் சுமந்து நிற்பதைப் பார்க்கிறேன். இயந்திரம் வாங்க நிதி கிடைக்கிறது, நாடா வெட்ட ஆள் கிடைக்கிறது. மாதம் ஒருமுறை அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் என்றால் மட்டும் கோப்பு திரும்பி வந்துவிடுகிறது. உதிர்கிற தாளை இரண்டாம் முறை கண்ணாடியில் வைக்க முடியாது.

வாசகியின் இன்னொரு கேள்வி: பழைய தீபாவளி மலரில் இருக்கும் படங்களை எடுத்தால் அலை அலையாக ஏதோ ஓடுகிறது. இரண்டு கொசுவலைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தால் தெரியும் அதே அலைதான் அது. அச்சிட்ட படம் உண்மையில் மைப்புள்ளிகளின் வலை. பத்திரிகைகளில் பொதுவாக அங்குலத்துக்கு 133 அல்லது 150 புள்ளி வரிசைகள். 133 வரிசைப் படத்தை அங்குலத்துக்கு 150 புள்ளியில் எடுத்தால், இரண்டு வலைகளும் உரசி அங்குலத்துக்கு 17 போலி அலைகள் பிறக்கும். 600இல் எடுத்து, மென்பொருளில் சற்று மங்கலாக்கி, அதன்பின் சிறிதாக்குங்கள். முன்பின்னாக மாற்றி, முதலில் சிறிதாக்கிவிட்டுப் பிறகு மங்கலாக்கினால் பயனில்லை.

மெல்லிய தாளின் பின்பக்க எழுத்து முன்னால் தெரிந்தால் தாளுக்குப் பின்னால் ஒரு கறுப்பு அட்டையை வையுங்கள். மூடியின் வெள்ளைதான் தாளை ஊடுருவிய ஒளியைத் திருப்பி அனுப்பிக் காட்டிக்கொடுக்கிறது.

ஸ்கேனரைத் திறக்கும்வரை தாத்தா படத்துக்கு ஒரு தற்காலிக வழி உண்டு. படத்தை ஒருமுறை நேராகவும், பிறகு தலைகீழாக, ஒரு விரல் அகலம் தள்ளியும் வைத்து எடுங்கள். கோடு இயந்திரத்துக்குச் சொந்தம், படத்துக்கு அல்ல. எனவே இரண்டாவது பிரதியில் அது வேறு இடத்தில் விழும். முதல் பிரதியில் கெட்டுப்போன கீற்றை இரண்டாவதிலிருந்து வெட்டி ஒட்டினால், தாத்தாவின் நெற்றி சுத்தமாகிவிடும்.